அட்டைப் படம்

இல்லைங்க மொதலாளி, கல்யாணப் பத்திரிக காட்டு அடிக்க வரல. புத்தகம். சின்னதுதான், முப்பது பக்கம் வரும். எல்லாம் இந்தக் கொப்பியில இருக்கு. கையெழுத்தப் பாருங்க, எவ்வளவு சுத்தம். எம்மக எழுதுனது. நான் மாரிசாமிங்க, ஸ்பிரிங்வெளி தேயிலத் தோட்டம், மேல் டிவிசன். குமாரசிங்கம் மாஸ்டர்தான் பலீல் மொதலாளிகிட்ட போங்கன்னாரு. அவரு சம்சாரம் சத்தியபாமா அம்மா தவறினப்ப கல்வெட்டு புத்தகம் நீங்கதானே அடிச்சுக் குடுத்தீங்க? பதிகத்துல ஒரு எழுத்து பெசகலையாம். அப்பிடி சொன்னாரு.

எங்க தோட்டத்து ஆளுங்களுக்கு அந்தப் பழக்கம் கெடையாதுங்க. யாழ்ப்பாணத்து ஆளுங்க வீட்டுலதான், முப்பத்தோராம் நாளு, செத்தவங்க படத்த அட்டையில போட்டு, உள்ள அவங்க பொறந்தது வளந்தது, சாமிப் பாட்டெல்லாம் போட்டு, வர்றவங்களுக்கு குடுப்பாங்க. உங்களுக்கு தெரியாததா.

அந்தப் புத்தகத்தாலதாங்க நான் இன்னைக்கு இங்க வந்து நிக்கிறேன். எம்மக விஜயலெட்சுமி ஞாயித்துக்கெழம கோயில்ல அறநெறி வகுப்பு எடுத்தா. பதினோரு புள்ளைங்க. ஒரு புத்தகம் இல்ல. அதுங்களுக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் நான் காட்டுன சாமிதான். ஆமாங்க, நாந்தான். திருவிழாவுக்கு பசறையிலருந்து டெக்கும் டிவியும் வாடகைக்கு தூக்கிட்டு வந்து சாமிப் படம் போடுவேன். அம்மன் கண்ண முழிச்சிக்கிட்டு வந்தா போதும், லயத்து வீட்டு சனமே எந்திரிச்சு நிக்கும். பொம்பளைங்களுக்கு அருள் வந்துரும். கருப்பம்மான்னு ஒரு கெழவி, டிவிக்கே சூடம் காட்டும். நானும் கும்புட்டிருக்கேன், பொய் சொல்லக்கூடாது. எம்மகளுக்கு அதக் கண்டா ஆகாது. அப்பா, புள்ளைங்ககிட்ட அம்மன் எப்பிடி இருப்பான்னு கேட்டா நடிகை பேரச் சொல்லுதுங்கன்னு என்கூட ரெண்டு நாளு பேசல.

அப்பறம் அவளே போயி மாஸ்டர்கிட்ட கேட்டா. மிச்சமிருந்த கல்வெட்டு புத்தகம் பதினொன்னும் தூக்கிக் குடுத்துட்டாரு நல்ல மனுசன். புள்ளைங்க கையில மொதமொதலா பதிகம். ராகத்தோட பாடுச்சுங்க. காலையில வேலைக்கு பேரு குடுக்குற பெரட்டுக்களம் வரைக்கும் கேக்கும். கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளையே நின்னு கேட்டுட்டுப் போவாரு.

பரீட்சை வந்துச்சுங்க. வருசா வருசம் டவுன்ல சைவ சங்கத்துல வைக்கிறாங்களே, அது. இந்தப் பதிகத்தப் பாடுனவரு யாரு, அவரப் பத்தி எழுதுகன்னு ஒரு கேள்வி. பதினோரு பேரும் என்னா எழுதிச்சுங்க தெரியுமா? சத்தியபாமா அம்மா. யாழ்ப்பாணம் இணுவில்ல பொறந்தாங்க, குமாரசிங்கத்தக் கட்டுனாங்க, ரெண்டு புள்ளைங்க கனடாவுல இருக்காங்க.

சிரிங்க, பரவால்ல. சிரிப்பு வரத்தான் செய்யும். அட்டையில அந்தம்மா மூக்குக்கண்ணாடியோட ஒக்காந்திருக்கு. பாடுனவரு பேரு எங்கயும் போடலியே. அவங்க ஆளுங்களுக்கு அது தெரிஞ்ச விசயம், போட வேண்டியதில்ல. எம்மக சொல்லித்தான் குடுத்திருக்கா. ஆனா கண்ணு முன்னாடி ஒரு மூஞ்சி இருக்கப்ப, வாயால சொன்னது எங்க நிக்கும்?

பரிசு குடுக்குற கூட்டத்துல ஒருத்தரு அத மைக்குல வாசிச்சாருங்க. தோட்டத்துல சினிமாவத்தான் சமயம்னு சொல்லிக் குடுக்குறாங்க, பின்ன இப்பிடித்தான் எழுதுங்கன்னாரு. மண்டபமே சிரிச்சுச்சு. நாங்க ரெண்டு பேரும் பின்னாடி நின்னோம். மாஸ்டர் மட்டும் சிரிக்கல. போயி ஒரு புள்ள எழுதுன பேப்பரக் கேட்டு வாங்கி, மடிச்சு சட்டப்பையில வச்சிக்கிட்டாரு. எனக்கு அன்னைக்கு அது வெளங்கல.

எம்மக மறுநாளு ஆரம்பிச்சவதான். கொழுந்து எடுத்துட்டு வந்து, கையில கெடக்குற கறையக் கூட கழுவாம எழுதுவா. ஒவ்வொரு பாட்டுக்கும் மேல பாடுனவரு பேரு, ஊரு, எல்லாம் செவப்பு மையில. அந்தா, மொத பக்கத்துல பெருசா எழுதியிருக்கா பாருங்க. அட்டையில யாரு படமும் போடக்கூடாதுன்னு.

பாங்கு சொல்றாங்க. நீங்க போய் தொழுதுட்டு வாங்க, நான் இருக்கேன். பரவால்லையா? சரிங்க.

அட்டைக்கா? அதத்தான் கேக்கலாம்னு நிக்கிறேன். ஒரு படம் கொண்டாந்திருக்கேன், ஐடென்டிகாட்டுக்கு எடுத்தது. காட்டு போன செவ்வாக்கெழமதான் வந்துச்சு.

யாரா? இவதாங்க விஜயலெட்சுமி.

எங்க வழக்கத்துல பதினாறோட கருமாதி முடிஞ்சிரும். அது முடிஞ்சிருச்சு. வர்ற ஞாயித்துக்கெழம முப்பத்தொன்னு. வகுப்பு நாளும் அதுதான். காய்ச்சல்னு தான் கூட்டியாந்தோம். பதுளை ஆஸ்பத்திரியில நாலு நாளு இருந்தா. டாக்டர்மாரு பாத்தாங்க, கொற சொல்ல முடியாது. நான் வராந்தாவுல ஒக்காந்துக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். படத்துலன்னா இந்த எடத்துல மணி அடிக்கும், காத்து வீசும், அம்மன் வந்துரும். எத்தன தடவ போட்டுக் காட்டியிருப்பேன். நெசமாவே காத்திருந்தேங்க மொதலாளி. சொல்ல வெக்கமா இருக்கு. கதவத் தொறந்துக்கிட்டு வந்தது நர்சுப் புள்ளதான்.

அவ வேணாம்னு எழுதி வச்சத மீறி படம் போடுறது தப்புதான். போட்டா அடுத்த பரீட்சையில அந்தப் பதினொன்னும் இவ பேரத்தான் எழுதும். ஸ்பிரிங்வெளியில பொறந்தாங்க, கொழுந்து எடுத்தாங்க, அப்பா பேரு மாரிசாமின்னு. மைக்குல வாசிப்பாங்க, மறுபடி சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அப்பிடியாச்சும் ஒரு பேப்பர்ல இவ இருப்பாளே.

பேரெல்லாம் அவ எழுதுனபடி செவப்புலயே அடிச்சிருங்க. அதுல கை வைக்க வேணாம். படத்த மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்க.