நாலு மணிக்கு அடிக்காத மணி

முதலில் ஒரு சின்னத் திருத்தம். போன வாரம் நீங்கள் எழுதிக்கொண்டு போன தாளில், "வகுப்பைக் கவனித்துக்கொண்டவர் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டதால் மணி அடிக்கத் தவறினார்" என்று ஒரு வரி இருக்கிறது. சொன்னவன் நான்தான், மறுக்கவில்லை. அன்றைய களேபரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வரி ஒரு கோப்பில் போய் உட்கார்ந்து காலாகாலத்துக்கும் அங்கேயே இருக்கப் போகிறது என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆலையில் முப்பத்தொரு வருஷம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியவன் நான். ஒரு நாள், ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனதில்லை. வேலை நேரத்தில் தூங்கினான் என்று என்னைப் பற்றி யாரும் எழுதக்கூடாது. நான் தூங்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, இப்போது சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர். எதிர்ச்சாரியில் இருந்த பேக்கரி எரிந்ததற்கு பேக்கரிக்காரரின் அலட்சியம் காரணமா என்பது உங்கள் கேள்வி. இல்லை. மனிதர் பாவம், தானுண்டு தன் ரொட்டியுண்டு என்று இருப்பவர். அதை விளக்கமாகவே சொல்கிறேன்.

என் தங்கை எங்கள் வீட்டு மாடியில் நடத்துவது ஓய்வு யோகா. யோகா என்றதும் தலைகீழாக நிற்பார்கள், காலைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். இதில் படுப்பதுதான் வேலை. முதுகுக்கு ஒரு திண்டு, முழங்காலுக்கு ஒரு தலையணை, மேலே ஒரு கம்பளி, கண்ணின் மேல் விதை நிரப்பிய சின்னத் துணிப்பை. ஒரு நிலையில் கால் மணி நேரம். அதில் உடம்பு எங்கே இறுகியிருக்கிறது, மனசு எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். "எதையும் சரி பண்ண வேண்டாம், கவனிச்சாப் போதும்" என்பாள் தங்கை. சும்மா இருப்பதற்கு ஒரு வகுப்பா என்று நானும் ஆரம்பத்தில் சிரித்தவன்தான். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சங்கை விட்டு ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவள் இரண்டு விஷயத்தில் கறாராக இருப்பாள். வகுப்புக்குள் நுழையும்போது எல்லோரும் செல்போனை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அறையில் கடிகாரம் இருக்கக்கூடாது. சுவரில் மாட்டியிருந்ததையும் கழற்றிவிட்டாள், மணியைப் பார்க்கிறவனுக்கு ஓய்வு கிடையாது என்று. ஆகவே மூன்று மணிக்குத் திரை மூடினால், அந்த அறையில் நேரம் என்பது என் இடது மணிக்கட்டில் மட்டும்தான் இருக்கும். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நாலு மணிக்கு வெண்கல மணியை மூன்று முறை தட்டுவேன். எல்லோரும் வலப்பக்கம் ஒருக்களித்து, மெல்ல எழுந்து உட்காருவார்கள்.

அதை நம்பியே தங்கள் வேலையை வைத்துக்கொண்டார்கள். பல் டாக்டரம்மா நாலேகாலுக்கு முதல் ஆளை வரச் சொல்லியிருப்பார். பஸ் டிரைவருக்கு நாலே முக்காலுக்கு வண்டி எடுக்க வேண்டும். பேக்கரிக்காரர் ரஸ்க்கை மெல்லிய சூட்டில் அடுப்பில் வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். நாலு மணிக்கு மணி, நாலு பத்துக்கு அடுப்பு. "சங்கு சார், உங்க மணியை நம்பித்தான் என் அடுப்பே எரியுது" என்று வாரம் தவறாமல் சொல்வார். வேறு எவனையாவது நம்பி அடுப்பைப் பற்றவைத்திருந்தால் அலட்சியம் என்று நீங்கள் எழுதலாம். என்னை நம்பினார். அது அலட்சியம் ஆகாது.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

தங்கைக்கு அன்று நாலரை மணிக்கு ஒரு போன் வரவேண்டியிருந்தது. ரயிலில் பதினொரு மணி நேரம் தள்ளி, மலைப்பக்கம் ஒரு ஓய்வு இல்லம். பெரிய ஆபரேஷன் முடிந்தவர்கள், வேலைப் பளுவில் நொந்துபோனவர்கள் எல்லாம் அங்கே மாதக்கணக்கில் தங்குவார்களாம். அவர்களுக்கு இந்த யோகாவைச் சொல்லிக்கொடுக்க நிரந்தரமாக ஒருவர் வேண்டும். இவள் அனுப்பிய தாள்களைப் பார்த்துவிட்டு, கடைசியாகப் போனில் ஒரு தரம் பேசி முடிவு செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் முதல் முறையாகத் தனக்கென்று ஆசைப்பட்ட வேலை. அந்தக் கடிதத்தை மடித்து மடித்து மடிப்பு கிழிந்துவிட்டது.

அவள் என் வீட்டுக்கு வந்தது என் மனைவி இறந்த வாரத்தில். "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேண்ணா" என்றுதான் வந்தாள். பதினாலு வருஷம் ஆகிறது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள். இல்லை, கேட்க வேண்டாம்.

வகுப்புக்கு முன்னால் படிக்கட்டில் வைத்து அவள் சொன்னாள், "அண்ணா, ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல. குரல் எப்படி வருமோ தெரியல."

"ஊருக்கெல்லாம் ஓய்வு சொல்லிக்கொடுக்கிற. நீ என்னைக்காவது படுத்திருக்கியா?" என்றேன். "இன்னைக்கு நீயும் அவங்களோட படு. உன் நோட்டைப் பார்த்து நான் படிக்கிறேன். நாலு மணிக்கு எழுப்பிவிடுறேன். மூஞ்சி கழுவிட்டு உட்கார்ந்தா குரல் கணீர்னு இருக்கும்."

உண்மையான அக்கறையோடுதான் சொன்னேன். அதுவும் எழுதப்பட வேண்டும். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள். "மறந்துடாதண்ணா" என்றாள். நானா மறப்பேன்.

ஆறு பேர் படுத்தார்கள், அவளோடு ஏழு. நானே அவளுக்குத் திண்டு வைத்து, கம்பளி போர்த்தி, கண்ணின் மேல் பையை வைத்தேன். நோட்டைத் திறந்து மெதுவாகப் படித்தேன். அவள் கையெழுத்து குண்டு குண்டாக, படிக்க வசதியாக இருக்கும். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் ஓரத்தில் குறித்திருப்பாள். கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் "இங்கே மணி" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். சரியாக நாலு மணிக்கு அந்த இடத்துக்கு வந்தேன்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பதினாலு வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. இதை எப்படிக் கலைப்பது என்று தோன்றியது. நோட்டை மூடவில்லை. முதல் பக்கத்துக்குத் திருப்பி மறுபடியும் படிக்க ஆரம்பித்தேன்.

நாலு பத்துக்குப் பல் டாக்டரம்மா தலையைத் தூக்காமலே கேட்டார், "சார், மணி ஆகலையா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்மா" என்றேன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தம்மா எழுந்திருப்பார். சொன்னது நான் என்பதால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி அமிழ்ந்துவிட்டார். முப்பத்தொரு வருஷ நல்ல பெயர் அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்குக் கைகொடுத்தது. இதற்கிடையில் அவருடைய முதல் நோயாளி கன்னம் வீங்கிப்போய்க் கதவடியில் காத்திருந்து, பொறுக்க முடியாமல் வேறு எங்கேயோ போய், நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். வருத்தம்தான். அதற்கு நான் பொறுப்பாக முடியாது, பிடுங்கியது நானில்லை.

நாலு இருபதுக்கு ஜன்னல் வழியாக வாசனை வந்தது. முதலில் நன்றாகத்தான் இருந்தது, ரஸ்க் கொஞ்சம் சிவந்து வருகிற வாசனை. பிறகு அவ்வளவு நன்றாக இல்லை. எட்டிப் பார்த்தேன். பேக்கரியின் பின்பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. நெருப்பில்லாமல் புகையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடையில் அந்த நேரத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். பேக்கரிக்காரர் மூக்கு லேசாக அசைந்தது. தூக்கத்தில் குழந்தை மோப்பம் பிடிப்பது போல இருந்தது. நான் போய் ஜன்னலைச் சாத்தினேன். கொண்டி சத்தம் போடாமல் இருக்க விரலை நடுவில் கொடுத்தேன், நசுங்கிவிட்டது. இதோ நகம் கறுத்திருக்கிறது பாருங்கள். இப்படிப்பட்டவனைத்தான் தூங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நாலே முக்காலுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. சங்கில் எனக்கு ஒரு ரசனை உண்டு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல சங்கு, அடிவயிற்றிலிருந்து வந்தது. ஜன்னலைத் தாண்டி அறைக்குள் கேட்டது. ஏழு பேர் உடம்பும் கொஞ்சம் அசைந்தது. நோட்டில் அதற்கும் தங்கை வழி எழுதி வைத்திருந்தாள். நான்கைந்து பக்கம் தள்ளிப் போய் அந்த இடத்தை எடுத்துப் படித்தேன். "சத்தம் வரும். வரட்டும். அதன் பின்னால் போக வேண்டாம். அது உங்களுடையதல்ல. வந்தது போலவே போய்விடும்."

பேக்கரிக்காரர் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை வந்தது.

ஒரு வார்த்தைகூட நான் சொந்தமாகச் சேர்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரியாக ஐந்து மணிக்கு மணியை மூன்று முறை தட்டினேன். எல்லோரும் வலப்பக்கம் திரும்பி, ஆற அமர எழுந்து உட்கார்ந்தார்கள். முகமெல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. "இப்படி ஓய்வு எடுத்ததே இல்ல சார்" என்றார் பேக்கரிக்காரர். சோம்பல் முறித்தபடியே போய் ஜன்னலைத் திறந்தார். எதிர்ச்சாரியை எட்டிப் பார்த்தார். பிறகு யாரோ ஒருவருடைய கடையைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார், "அது நம்ம கடையாச்சே?"

மற்றவர்கள் செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்கள். பஸ் டிரைவர் ஓடியது வேறு திசையில். நிலையத்தில் முப்பது பேர் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் ஐந்து மணிக்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதை நீங்கள் கேட்காமல் போயிருந்தால் நானே சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

நாலரைக்குப் பிஸ்கட் டப்பாவில் ஒரு போன் அதிர்ந்தது. தகர டப்பா, வண்டு புகுந்த மாதிரி சத்தம். ஒரு துண்டைச் சுற்றி வைத்தேன். நாலு நாற்பதுக்கு இன்னொரு முறை. மூன்றாம் முறை அடித்தபோது மணி நாலு ஐம்பது. டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்ப் பேசினேன். ஒரு பெண்மணி, மரியாதையான குரல். தங்கை இருக்கிறாளா என்றார். ஓய்வில் இருக்கிறாள், நான் அவள் அண்ணன் என்றேன். "அப்படியா, பரவாயில்லைங்க, நாளைக்குப் பேசலாமா? அவங்க எழுதினது எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அநேகமா முடிவு பண்ணிட்ட மாதிரிதான்" என்றார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அங்கே தங்குகிற இடத்தில் அவளோடு அண்ணனும் இருக்கலாமா என்று.

"ஒருத்தருக்குத்தாங்க இடம். சின்ன ரூம்" என்றார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த இடம் அவளுக்குச் சரிப்பட்டு வராது என்று. சின்ன அறையில் அவள் எப்படி இருப்பாள். அவள் மனசு மாறிவிட்டது, இனிமேல் கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று தன்மையாகவே சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அழைப்பு வந்த அடையாளங்களைப் போனிலிருந்து அழித்தேன். கண்ணாடி இல்லாமல் அது கொஞ்சம் சிரமமாக இருந்தது, நான்கு நிமிஷம் ஆகிவிட்டது. அதனால்தான் ஐந்து மணி.

கண்ணசந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம்தான் சொன்னேன். அவள் டப்பாவைத் திறந்து போனைப் பார்த்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேண்டாம் என்றவர்கள் கதவை இரண்டாம் தரம் தட்டுகிற ரகம் இல்லை அவள். "அவங்க கூப்பிடவே இல்லண்ணா" என்றாள். பிறகு என் கறுத்த நகத்தைப் பார்த்துவிட்டு மருந்து போட்டாள். "நீ என்ன பண்ணுவ, வயசாயிடுச்சு, அசந்துட்ட" என்றாள். அவளாவது திட்டியிருக்கலாம்.

ஆகவே பேக்கரிக்காரர் மேல் தவறில்லை என்று எழுதுங்கள். மணியை அடிக்காதவன் நான், தெரிந்தே, விழித்திருந்தே அடிக்காதவன். கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். வகுப்பை நிறுத்திவிட்டாள். இந்தத் தாளை மட்டும் அவளிடம் காட்ட வேண்டாம், கிடைத்திருக்கிற அமைதி கெட்டுவிடும். முன்பெல்லாம் விடியும் முன்பே எழுந்து வீட்டைப் புரட்டிப் போடுவாள். இப்போது அந்தப் பரபரப்பே இல்லை. இன்று பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், நேற்று வைத்த தட்டு அப்படியே இருந்தது. "எந்திரிம்மா" என்றேன். "எதுக்குண்ணா?" என்றாள். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் ஓய்வு சொல்லிக்கொடுத்தவள், இப்போதுதான் தானும் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.