இரண்டு சூசைராஜ்

— அந்தக் கம்ப்யூட்டர் திரைய அப்புறம் பாக்கலாம் வினோலியா. முதல்ல என் மூஞ்சியப் பாரு. எம் மக வாழ்க்கையே போச்சு.

— உக்காருங்க இருதயநாதன் சார். அனிஷா, நீயும் உள்ள வாம்மா. ஏன் வாசல்லயே நிக்கிற?

— இருக்கட்டும்க்கா.

— நேத்து சாயந்தரம் கையில புள்ளையும் பையுமா வந்து நிக்கிறா. குஜிலியம்பாறையில பஸ் ஏத்தி விட்டுட்டாரு மாமனாரு. "உங்கப்பன் புத்தகத்தச் சரி பண்ணட்டும், அப்புறமா வா"ன்னு. எல்லாம் நீ பாத்த வேலை.

— நான் என்ன சார் பண்ணுனேன்? பஞ்சகாலத்துக் கதை நீங்க எழுதுனது. கடைசியில வர்ற இண்டெக்ஸ் மட்டுந்தான் என்னோடது. எந்தப் பேரு எந்தப் பக்கத்துல இருக்குங்கிறதுதான்.

— அங்கதான் வினையே. இந்தா, இந்த வரியப் படி. வாய்விட்டுப் படி.

— "சூசைராஜ்: கஞ்சித் தொட்டி திறந்தது, 58, நிவாரணக் கோதுமை மூட்டைகளைத் திருடி விற்றது, 143."

— கேட்டியா. ஞாயித்துக்கிழமை வெளியீட்டுக்கு எஞ்சம்பந்தி சூசைராஜ்தான் தலைமை. இண்டெக்ஸ் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மரியாதைக்கு ஒரு பிரதி குடுத்தேன். அவரு முதல் பக்கத்தத் தொறந்தாரா? நம்மாளுக எவன் தொறந்தான்? நேரா கடைசிக்குப் போயி தம்பேரு இருக்கான்னுதானே பாப்பான். பாத்துட்டாரு.

— அப்ப 143ல வர்ற சூசைராஜ்...

— அவன் வேற ஆளு. ஊருக்குக் கஞ்சி ஊத்துனது எஞ்சம்பந்தி. கோதுமைய வித்தவன் வேற சூசைராஜ். நீ ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்க.

— செத்த இருங்க சார். பாக்குறேன்... ஆமா. எப்படி ஆச்சுன்னு தெரியுது. நான் பக்கம் பக்கமாப் படிச்சு ஒவ்வொரு பேராத் தட்டிக்கிட்டே வருவேன். கடைசியில இந்தச் சாவிய அமுக்குனா எல்லாத்தையும் அகர வரிசையில அடுக்கி, ஒரே பேரு ரெண்டு எடத்துல வந்தா ஒரே வரியாச் சேத்துரும். அதுக்குப் பேருதான் தெரியும், ஆளத் தெரியாது.

— மவுஸ் கூட இல்லாத சாப்ட்வேர். எங்க பள்ளிக்கூடத்துலயே இத எடைக்குப் போட்டு எம்புட்டு வருசமாச்சு. இத வச்சுக்கிட்டு அடுத்தவன் குடும்பத்துல வெளையாடுற.

— சாப்ட்வேரக் குத்தம் சொல்லாதீங்க சார். புதுசுல 'ஜ'வும் 'ஸ'வும் கண்ட எடத்துல போயி உக்காரும், இதுல எல்லாம் அதது எடத்துல நிக்கும். வேலை நடுவுல தானா அப்டேட் ஆகுறேன்னு உசுர வாங்காது. அதான் விடாம வச்சிருக்கேன். ஆள ஆளாப் பிரிக்கிறது என் வேலை. ஒரே பேருல ரெண்டு பேரு வந்தா அடைப்புக்குறிக்குள்ள ஊரப் போட்டுப் பிரிக்கணும். இதுல உங்களக் கேக்காமச் சேத்துட்டேன். தப்பு எம்மேலதான்.

— ஒத்துக்கிட்டேல்ல.

— ஒத்துக்கிட்டேன். ஆனா பாருங்க, புத்தகத்துல மத்த எல்லாருக்கும் முதலெழுத்து இருக்கு, தகப்பன் பேரு இருக்கு. பீர் முகமதுக்கு அவரு கடை இருந்த தெரு வரைக்கும் எழுதியிருக்கீங்க. இந்த ரெண்டு எடத்துல மட்டும் மொட்டையா சூசைராஜ்.

— மறதி. வயசாகலையா எனக்கு? அதெல்லாம் இப்ப எதுக்கு? உள்பக்கமெல்லாம் அச்சாகிருச்சு. உன் இண்டெக்ஸ் வர்ற கடைசிப் பக்கங்க மட்டுந்தான் பாக்கி. சாயந்தரம் மிஷின்ல ஏத்திருவாங்க.

— அப்ப 143ங்கிற எண்ணையே எடுத்துரட்டுமா? அழிக்க ஒரு நிமிசம் ஆகாது.

— அதுக்கு அவரு சம்மதிக்கல. பக்கத்துல பேரு அச்சாகிக் கெடக்கேங்கிறாரு. "அது நானில்லைன்னு புத்தகமே சொல்லணும். தனி வரியா, வேற ஊரு போட்டு வரணும். வந்தா உம் மக உள்ள வரலாம், இல்லேன்னா அங்கயே இருக்கட்டும்." இதான் அவரு பேச்சு. அந்தா, போன் வேற அடிக்குது. அவருதான்.

— எடுக்காதீங்க சார், முடிச்சுட்டு நானே பேசுறேன். கஞ்சி ஊத்துன மனுசனத் திருடனாக்கிட்டோமேன்னு எனக்கே நெஞ்சு பதறுது. மன்னிப்புக் கேட்டுக்குறேன். இந்தா, பிரிச்சாச்சு. மேல சூசைராஜ், அடைப்புக்குறிக்குள்ள குஜிலியம்பாறை, 58. கீழ சூசைராஜ், அடைப்புக்குறி... எந்த ஊரு சார்?

— எது?

— கோதுமை திருடுனவரு. அவரு ஊரு.

— ஏதோ ஒண்ணு. தாடிக்கொம்புன்னு போடு.

— தாடிக்கொம்பா? எங்க பெரியப்பா வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு சூசைராஜ் இருக்காரு. தையக்கடை வச்சிருந்தாரு. அவரா?

— அவரில்ல. அவர யாரு சொன்னா? சரி, நாகல் நகர்னு போடு.

— நாகல் நகர்ல இந்தத் தெருவுலயே ரெண்டு சூசைராஜ் சார். நம்ம பக்கம் கண்ண மூடிக்கிட்டுக் கல்லெறிஞ்சாலும் ஒரு சூசைராஜ் மேலதான் விழும். நீங்க எந்த ஊரச் சொன்னாலும், அங்க ஒருத்தரு புத்தகத்தப் பின்னாடி புரட்டி, தான் திருடன்னு படிப்பாரு. அவரு வீட்டுலயும் ஒரு மருமக இருப்பா.

— என்னையவே குறுக்கு விசாரணை பண்றியா? எம்புள்ள நடுத்தெருவுல நிக்கிறா. ஒனக்கு இண்டெக்ஸ் பெருசாப் போச்சு.

— பெருசுதான். புத்தகத்த முழுசாப் படிக்கிறவங்க ஏழெட்டுப் பேரு, இண்டெக்ஸப் பாக்குறது ஊரு பூரா. இப்பத்தானே நீங்களே சொன்னீங்க. ஒரு தடவை கேக்காமச் செஞ்சு இம்புட்டு ஆகிருச்சு. இன்னொரு தடவை செய்ய மாட்டேன். உங்களுக்கு அந்தக் கதைய யாரு சொன்னது? அவங்களக் கேப்போம், ஊரு தெரிஞ்சுரும்.

— அவரு செத்துட்டாரு.

— சார்.

— என்ன சாரு?

— 143ஆம் பக்கம் இந்தா திறந்து கெடக்கு. "விடியுமுன் கிடங்கு வாசலில் சூசைராஜ் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்ததை நானே கண்டேன்." யாரும் சொன்ன கதையில்ல இது. கண்ணால பாத்தவருக்கு ஆளு எந்த ஊருன்னு தெரியாமப் போகுமா?

— வினோலியா, தாயி, உன்னையக் கும்பிட்டுக் கேக்குறேன். பாவம்னா அது எந்தலையில விழட்டும். ஏதாவது ஒரு ஊரத் தட்டி அனுப்பி விடு. அவ புருசன் நல்லவன், அப்பன் பேச்சத் தட்டத் தெரியாதவன். ஒரே ஒரு ஊரு பேரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.

— அழுகாதீங்க சார். அனிஷா, உனக்காகத்தாம்மா இம்புட்டும். நீயாச்சும் ஒரு வார்த்தை பேசு. கீழ்வரிக்கு என்ன போடட்டும்?

— அதுக்கும் குஜிலியம்பாறைன்னே போடுங்கக்கா. "அது நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும் மாமா"ன்னு நேத்து அவரு கையப் பிடிச்சு அழுதேன். "உங்கப்பனுக்குத் தெரியும், அன்னைக்குப் பாத்துட்டு வாய மூடுனான்ல, அதுக்குத்தான் உன்னைய மருமகளா எடுத்தேன்"னு சொல்லித்தான் பஸ் ஏத்தி விட்டாரு.