வெர்னா தேய்த்த குழல்

— எந்திரி ஆரின். இன்னும் அஞ்சு குண்டு சுட்டாலும் அதேதான் வரப்போகுது. அப்புறம் முழங்கால் வலிக்குதுன்னு அனத்துவ.

— கடைசியா மூணு.

— மூணு சுட்டா மட்டும் ஓட்டையெல்லாம் ஒண்ணு கூடிடுமா? தூரநோக்கியில நான்தானே பார்க்கிறேன். நூறு கஜத்துல மூணு அங்குலம் சிதறியிருக்கு. எங்கப்பாவோட துருப்பிடிச்ச துப்பாக்கி இதைவிட ஒழுங்கா சுடும்.

— ம்.

— என்ன ம்? நாளைக்குக் காலையில மிசூலா டவுன்லேர்ந்து துப்பாக்கிக் கடைக்காரர் வராரு. முப்பது வருஷமா ஊரான் துப்பாக்கிக்கெல்லாம் குழல் மட்டும் செஞ்சு குடுத்த பெல்நாப் பட்டறை, இப்ப முழுத் துப்பாக்கியே செய்யுதாம்னு பார்க்க வராரு. அவர்கிட்ட சிதறின இந்தக் குறி அட்டையைத்தான் நீட்டுவியா?

— காப்பி இருக்கா?

— ஃபிளாஸ்க்ல இருக்கு. பேச்சை மாத்தாத. குடு, நான் சுட்டுப் பார்க்கிறேன்.

— இது உனக்கு வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? இடது தோள்ல வச்சு சுடுறவள்னு கிண்டலா? கண்காட்சியில சுடற போட்டியில பதினோரு வருஷம் வான்கோழி பரிசு ஜெயிச்சது இந்த இடது கண்ணுதான். நீ ஜெயிச்சது என்ன, ஒரு சுத்தியல்.

— நல்ல சுத்தியல் அது.

— சரி, சொல்லு. கோளாறு எதுல?

— மரக்கட்டை சரியா உட்காரலையோ என்னவோ.

— நேத்துதானே கழட்டி மறுபடி பதிச்ச.

— அப்ப விசை கனமா இருக்கும்.

— இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருக்கு.

— அப்ப குண்டு ஏத்தற நடு உடம்பு. நமக்குப் புதுசு அதுதானே. கடைஞ்சதுல கொஞ்சம் கோணியிருக்கும்.

— கட்டைங்கற, விசைங்கற, உடம்புங்கற. ஒண்ணை மட்டும் தொட மாட்டேங்கற.

— எதை?

— குழலை.

— அதோட உள்பக்கம் நீ தேய்ச்சது.

— அதனால?

— நீ தேய்ச்சு, சீட்டுல பேர் எழுதிக் கட்டிட்டா அதோட முடிஞ்சுது. நம்ம பட்டறையில அதுக்கு மேல யாரு அந்தக் குழலுக்குள்ள அளவுமானி வச்சிருக்கா?

— வச்சிருக்கணும்.

— வெர்னா.

— வச்சிருக்கணும், ஆரின். துப்பாக்கியைக் கீழ வை. இப்படி உட்காரு. நான் சொல்றதுக்கு நடுவுல ம் போடாத.

— சரி.

— என் வலது கையில விரல் செத்துப் போச்சு. கட்டைவிரல் தவிர நாலும். ரெண்டு வருஷத்துக்கு முந்தின பனிக்காலத்திலேர்ந்தே. ஈயக் கட்டையைக் குழலுக்குள்ள விட்டு இழுத்தா எங்க இறுக்குது, எங்க தளருதுன்னு முன்னெல்லாம் விரல் சொல்லும். இப்ப ஒண்ணும் சொல்றதில்லை. தடியைப் பிடிச்சிருக்கேனான்னுகூட குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியுது. தையல் நூல் வாங்க ஹாமில்டன் போறேன்னு போனேனே, டாக்டர்கிட்டதான் போனேன். நரம்பு போச்சு, திரும்பி வராதுன்னுட்டார்.

— நூல் வாங்கிட்டு வந்தியே.

— பொய் பொய்யாயிடக் கூடாதேன்னு வாங்கினேன். சிரிக்காத. ரெண்டு வருஷமா குருட்டாம்போக்குல தேய்ச்சுட்டு இருக்கேன். முன்னால நாப்பது, பின்னால நாப்பதுன்னு எண்ணி எண்ணி. ஒவ்வொரு சீட்டுல பேர் எழுதும்போதும் இது திரும்பி வந்துடும்னு நினைப்பேன். ஆனா பாரு, ஒரு குழல்கூடத் திரும்பி வரலை. அதுதான் எனக்குப் புரியலை. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறதுக்கு அவர் பார்த்துக்கிறார்னு நினைச்சேன். இன்னிக்குக் கைவிட்டுட்டார்.

— அவர் இல்ல.

— யார் இல்ல?

— ஆண்டவர். அவருக்கு இந்த வேலை தெரியாது. நான்தான்.

— நீயா? நீ எப்போ?

— காலையில. கோழிக்குத் தீனி போடப் போறப்ப.

— அஞ்சு மணிக்குப் போய் ஏழு மணிக்கு வருவியே.

— ஆறு கோழிக்கு ரெண்டு மணி நேரம் எவன் தீனி போடுவான், வெர்னா?

— அட பாவி மனுஷா.

— முந்தின நாள் நீ முடிச்சதை எடுத்து அளவுமானி வைப்பேன். இறுக்கமா இருந்த எடத்தைத் திருப்பித் தேய்ப்பேன். உன் அளவுக்கு வராது. யாரும் திருப்பி அனுப்பாத அளவுக்கு வரும்.

— எப்போ தெரிஞ்சுது உனக்கு?

— அடுப்பு மேல உன் கை பட்டுச்சு. தோல் பொசுங்கற வாசனை எனக்கு வந்துது. நீ பாட்டுக்கு உன் தங்கச்சி கதையைச் சொல்லிட்டே இருந்த. அடுத்த வாரமே பட்டன் வச்ச சட்டையெல்லாம் பெட்டிக்குள்ள போயிடுச்சு. தலைவழியா மாட்டறதா வாங்கினே.

— தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலை.

— நீயும் சொல்லலை. சாயங்காலம் சீட்டுல பேர் எழுதி, நூலைப் பல்லால கடிச்சு முடிச்சுப் போடுவியே, அதைப் பார்த்தா எனக்குக் கேக்க மனசு வரலை. அவ்வளவுதான்.

— மூக்கு ஒழுகுது. கைக்குட்டை குடு.

— இந்தா.

— இதுல எண்ணெய் நாத்தம். பரவாயில்லை. ஆமா, ரெண்டு வருஷமா எல்லாத்தையும் சரி பண்ணினவன் இதை மட்டும் ஏன் விட்ட?

— ஊரான் துப்பாக்கிக்குப் போற குழல்ல நம்ம பேரும் கிடையாது, நம்பரும் கிடையாது. நடு உடம்புல நம்ம பேரைக் குத்தி, எண் ஒண்ணுன்னு போட்டது இதுலதான். அதோட குழல்ல என் கை படக் கூடாதுன்னு நினைச்சேன். உன் கை மட்டும் இருக்கட்டும்னு.

— சிதறும்னு தெரிஞ்சேவா?

— அளவுமானி சொல்லிடுச்சு. இது விக்கறதுக்கு இல்ல, வெர்னா. சமையலறை வாசலுக்கு மேல மாட்டறதுக்கு. கடைக்காரருக்கு எண் ரெண்டு துப்பாக்கி வண்டியில இருக்கு, அதோட குழலை நான் சரி பண்ணிட்டேன்.

— அப்ப காலையிலேர்ந்து கட்டை, விசைன்னு என்னைச் சுத்த விட்டது?

— நீயா சொல்லணும்னு. நான் கண்டுபிடிச்சதா ஆகக் கூடாது.

— சரி, சொல்லியாச்சு. மனசு லேசாகும்னு பார்த்தா இன்னும் கனக்குது. நாளையிலேர்ந்து நான் என்ன செய்யறது, ஆரின்? பட்டறைக்கு வந்து சும்மா உட்கார எனக்குத் தெரியாது. வீட்டுல கெட என்னால முடியாது. இருபத்தெட்டு வயசுலேர்ந்து அந்த பெஞ்சுதான் என் எடம். விரல் செத்தவளுக்கு அங்க இனி என்ன வேலை?

— வண்டியிலேர்ந்து எண் ரெண்டை எடுத்துட்டு வரேன். இடது தோள்ல வச்சு அஞ்சு குண்டு சுடு. இடது கை நல்லாத்தானே இருக்கு?

— இருக்கு.

— ஒரு காசு அகலத்துக்குள்ள அஞ்சும் விழுந்தா சீட்டுல பேர் எழுது. விழலைன்னா திருப்பி அனுப்பு, நான் மறுபடி செய்யறேன். இனிமே தேய்ச்சவன் பேர் சீட்டுல கிடையாது. சுட்டுப் பார்த்தவ பேர்தான். நீ எழுதாம ஒண்ணும் வெளிய போகாது.

— இது இன்னிக்கு யோசிச்சது இல்லையே. ரெண்டு வருஷமா நானும் கேக்கறேன், குழலே நல்லா போகுதே, அறுபது வயசுல முழுத் துப்பாக்கி எதுக்குன்னு. கிழவனுக்குப் பேராசை பிடிச்சிருச்சுன்னு ஊரே சொல்லுது. நானும் அதைத்தான் சொன்னேன். நீ ஒரு தடவைகூட வாயைத் திறக்கலை.

— குழல் மட்டும் செய்யற எடத்துல விரலுக்குத்தான் வேலை, வெர்னா. உன் கண்ணுக்கு ஒரு வேலை வேணும்னா முழுத் துப்பாக்கி செஞ்சாத்தான் உண்டு.