பாதி கேட்ட கதை

இல்ல சார், அந்த நாற்காலி மட்டும் வேண்டாம். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. உடைஞ்செல்லாம் போகல, நல்ல நாற்காலிதான். எங்கப்பாவோடது. நாங்க யாரும் அதுல உக்கார்றதில்ல. ஐயோ, அப்படியெல்லாம் இல்ல, நல்லா இருக்கார். எங்க அக்கா வீட்டுல இருக்கார். அதனாலதான் இந்தக் கீழ் வீடு வாடகைக்கு வருது.

சண்டையான்னு கேட்டா என்ன சொல்ல. நீங்களும் தெரிஞ்சுக்கிட்டுதானே குடி வரணும், கேளுங்க.

முதல் மாடி பெரியண்ணன், அதுக்கு மேல சின்னண்ணன், அதுக்கும் மேல நான். மூணு பேருக்கும் தலை நரைச்சாச்சு. ஆனா மோட்டார் ரூம் சாவி, கேட் சாவி, மொட்டை மாடி சாவி எல்லாம் அப்பா இடுப்புல. அவர் படுக்கப் போனா கேட் பூட்டியாச்சு. பெரியண்ணன் கல்யாண நாளுக்கு சினிமா போயிட்டு, அண்ணியோட மதில் ஏறிக் குதிச்சார்னா பாத்துக்கோங்க.

சின்ன அண்ணி காலேஜ்ல மனோதத்துவம் சொல்லிக் குடுக்கறாங்க. ஒரு நாள் சாப்பிடும்போது ஒரு கதை சொன்னாங்க. ஆதி காலத்துல மனுஷங்க கூட்டம் கூட்டமா இருந்தப்ப, ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு அப்பனாம். சாப்பாடு, பொம்பளைங்க, எல்லாம் அவனுக்குத்தான். வளர்ந்த பசங்களை அடிச்சு விரட்டிடுவானாம். ஒரு நாள் பசங்கெல்லாம் ஒண்ணு சேந்து அவனைக் கொன்னு சாப்பிட்டுட்டாங்களாம். ஆமா சார், நிஜமாவே சாப்பிட்டுட்டாங்களாம். நடந்துச்சான்னு யாருக்கும் தெரியாது, மனசைப் படிச்ச ஒரு டாக்டரோட ஊகம்னாங்க அண்ணி. அதுக்குள்ள போன் வந்துச்சு, எந்திரிச்சுப் போயிட்டாங்க.

நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்களுக்குள்ள எதுலயும் ஒத்துப் போகாது. அன்னிக்கு ஒத்துப் போச்சு.

சேச்சே, கொலையெல்லாம் எங்களுக்கு வராது சார். பூட்டுக்காரரைக் கூப்பிட்டோம். அப்பா பல் டாக்டர்கிட்ட போன நேரமாப் பாத்து எல்லாப் பூட்டையும் மாத்திட்டோம். அவர் அலமாரியில ஒரு பிஸ்கட் டின் இருக்கும், பேரப் பிள்ளைங்களுக்குக் கூட எண்ணித்தான் குடுப்பார். அதைத் திறந்து மூணு பேரும் நின்னுக்கிட்டே தின்னு தீத்தோம். அப்படி ஒரு ருசி.

அப்பா வந்தார். கேட்டுல சாவியைப் போட்டுத் திருப்பிப் பாத்தார். நான்தான் உள்ளேருந்து திறந்து விட்டேன். திட்டியிருந்தா தேவலை சார். சாவிக்கொத்தை இந்த நாற்காலியில வெச்சார், பையை எடுத்தார், அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டார்.

ஒரு வாரம் கொண்டாட்டம். அப்புறம் ஆளாளுக்கு மோட்டாரைப் போட்டுத் தொட்டி வழிஞ்சுது. இன்னொரு நாள் யாருமே போடாம சின்னண்ணன் சோப்பு நுரையோட மாடிப்படியில நின்னார். சாவி யார்கிட்ட இருக்கணும்னு அண்ணனுங்க ரெண்டு பேரும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அப்பதான் அண்ணி மீதிக் கதையைச் சொன்னாங்க. கொன்னதுக்கு அப்புறம் பசங்களுக்கு மனசு ஆறலையாம். உயிரோட இருந்தப்ப பயந்ததை விட செத்தவனுக்கு ஜாஸ்தி பயந்தாங்களாம். அவன் எதெல்லாம் கூடாதுன்னானோ அதையே இவங்க சட்டமாக்கிட்டாங்களாம். மனுஷ சமுதாயமே அப்படித்தான் ஆரம்பிச்சுதாம். ஏன் அண்ணி, இதை அன்னிக்கே சொல்லக் கூடாதான்னு கேட்டேன். போன் வந்துடுச்சே தம்பின்னாங்க.

இப்ப அவர் பூட்டின நேரத்துக்கே கேட் பூட்டறோம். ஆளில்லாத ரூம்ல லைட் எரிஞ்சா, கரண்டு பில்லை உங்க தாத்தாவா கட்டுவார்னு என் பசங்ககிட்ட கத்தறேன். அவர் குரல்லயே வருது. டின்ல புது பிஸ்கட் வாங்கி நிரப்பியாச்சு, யாரும் தொடறதில்ல.

அப்பாவைத் திரும்பக் கூப்பிடாம இருப்போமா சார். மூணு பேருமா அக்கா வீட்டுல போய் நின்னோம். எங்ககிட்ட பேசல. வீடு எதுக்குச் சும்மாக் கிடக்கணும், வாடகைக்கு விடச் சொல்லுன்னு அக்காகிட்ட சொன்னார். இனிமே அவர் பேச்சை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மீறறது? அதான் போர்டு மாட்டியிருக்கோம்.

சரி, வாங்க. வாசல்ல பெரியண்ணன் நிக்கறார், வீடு எப்படின்னு கேப்பார். சமையலறை சின்னதா இருக்குன்னு சொல்லிடுங்களேன். பெரிசுதான், தெரியும் சார். இன்னொருத்தர் குடி வந்துட்டா அப்பா எங்க வருவார், சொல்லுங்க. எனக்கு அவர் வேணும்.

கோவிச்சுக்க மாட்டார், தைரியமாச் சொல்லுங்க. பெரியண்ணன் காட்டின குடும்பம் வெளிச்சம் போதலைன்னு போச்சு. சின்னண்ணன் கூட்டிட்டு வந்தவர் ஒரே கொசுன்னார். இந்த வீட்டுல கொசுவே கிடையாது சார். நாங்க யாரும் யாரையும் ஒண்ணும் கேட்டுக்கறதில்ல.