கருகிய ஆந்தூரியம்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பனியில் கருகிய ஆந்தூரியம் செடியைத் தொட்டியோடு மடியில் வைத்திருந்தாள்.

"செடி செத்ததுக்கு எந்தத் தோட்டக்காரனாச்சும் சிரிப்பானுங்களா அக்கா? எங்க ஊட்டுக்காரரு சிரிக்கிறாரு."

பக்கத்திலிருந்தவள் கேட்டாள். "சூட்டுல வளர்ற பூ மேல அவருக்கு என்ன ஆசை?"

"வரவர முத்திட்டே போகுதுங்க. ஞாயித்துக்கிழமையானா கூடலூர் நர்சரிக்குப் போயி ஒண்ணு வாங்கிட்டு வராரு. குளிருக்குப் பயந்து குளிக்காத மனுசன், அன்னிக்கு மட்டும் தலைக்குக் குளிச்சு சென்ட் அடிச்சுக்கறாரு."

"அங்க விக்கிறது யாரு?"

"அதைப் பாக்கத்தானுங்க போறேன்."

"ஊட்டிப் பனிக்கு இது தாங்காதுன்னு அவருக்குத் தெரியாதா?"

"இருவது வருசத் தோட்டக்காரருக்கா தெரியாது? பொழுது சாஞ்சா அவரே எடுத்து வெளிய வெக்கிறாருங்க. செடி பொழச்சுக்கிட்டா, அடுத்த வாரம் எதைச் சொல்லிட்டுப் போவாரு?"