என் மகள் கண்டுபிடிக்காத விண்மீன்

"மூணே நிமிஷம்" என்று மூன்று விரலைக் காட்டியபடி அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகச் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே! அலமாரிக்கு அலமாரி தூசி தட்டி எங்கள் அறிவுக்கும் தூசி தட்டிய நூலகர் அம்மா அவர்களே! மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலைக்குப் பாதி மனத்தையும் எனக்கு மீதி மனத்தையும் தந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பி தங்கைகளே! இந்த நேரத்தில் என் நா நடுங்காமல் காக்க வேண்டிய ஆண்டவனே! அனைவருக்கும் சங்கச் செயலாளரின் வணக்கம்.

சங்கத்தின் இந்த ஆண்டு விழாவில் எனக்கு இட்ட பணி நன்றியுரை. படியேறும்போதே அண்ணன் காதோடு சொன்னார்: "தங்கச்சி, நன்றிய மட்டும் சொல்லிட்டு எறங்கிடும்மா. அந்தப் பேச்சு மட்டும் வேணாம்."

அண்ணா, நன்றிதான் சொல்லப் போகிறேன். எதற்கு நன்றி என்று சொல்லாமல் நன்றி சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். நடுவில் ஒரு வெள்ளைத்தாள். ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. அதன் அடியில் இருப்பது என்ன? "புதிய விண்மீன் கண்ட ஆய்வாளருக்குப் பாராட்டு" என்று இருக்கிறது. அந்த ஆய்வாளர் என் மகள். நான்காம் வரிசையில், தூணுக்குப் பின்னால், தரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருக்கிறாளே, அவள்தான். எழுந்து போகாதே அம்மா, உட்கார்!

என் மகள் பார்க்கும் வேலை என்ன? "ராவெல்லாம் குழாய்ல கண்ண வெச்சுப் பாத்துட்டே இருக்குமா உங்க பொண்ணு?" என்று தையல்கார அக்கா கேட்டார். இல்லை அக்கா. அவள் பார்ப்பது கணினித் திரை. மலையுச்சியில் ஒரு தொலைநோக்கி ஓயாமல் வானத்தைப் படமெடுத்துத் தள்ளுகிறது. ஒரு படத்தில் லட்சம் புள்ளி. மனிதக் கண் பார்த்து மாளுமா? எண்ணி மாளுமா? ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டு, எது கூடியது, எது குறைந்தது, எது புதிது, எது கேமராவில் ஒட்டிய வெறும் தூசி என்று பிரித்துச் சொல்லும் மென்பொருளை எழுதுவதுதான் அவள் வேலை.

அந்த மென்பொருளை நம்பலாமா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் வேடிக்கை. பொய் விண்மீன்களை அவர்களே படத்தில் நடுவார்கள்! நட்டதை மென்பொருள் கண்டுபிடித்துவிட்டால் தேர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் "இது நாம் நட்டது" என்று குறிப்பு எழுதிவைத்து, பட்டியலை உலகுக்குத் தருமுன் பிடுங்கிவிடுவார்கள். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உலகமெங்கும் அப்படித்தானாம்!

சென்ற ஆண்டு விடுப்பில் வந்தவள் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என் நோட்டை நீங்கள் அறிவீர்கள். எரிவாயு உருளை மாற்றிய நாள், தண்ணீர்த் தொட்டி கழுவிய நாள், எவருக்கு எப்போது என்ன மருந்து, எல்லாம் அதில் உண்டு.

"என்னடி தேடுற?"

"கூடிக் குறையற மாதிரி ஒன்பது நம்பர் வேணும்மா. நானா யோசிச்சு எழுதினா ரொம்ப ஒழுங்கா வந்துடுது. நெசம் மாதிரியே இல்ல."

எதையோ பார்த்து எழுதிக்கொண்டாள். எதை என்று நான் கேட்கவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் அந்த மென்பொருள் ஒரு விண்மீனைப் பிடித்தது. ஒன்பது நாள் ஒளிர்ந்து அணைந்த விண்மீன். அப்படிக் கூடிக் குறைந்த ஒன்றை எவரும் கண்டதில்லையாம். அணைந்துவிட்டதால் வேறெவரும் திரும்பப் பார்க்கவும் வழியில்லை. அவளுடைய துறைத்தலைவர் அறிவித்தார், செய்தித்தாள்கள் ஆர்ப்பரித்தன, நம் சங்கம் பாராட்டுப் பத்திரமே அச்சடித்தது! அச்சாகி வந்ததும் அதில் பிழை உண்டா என்று பார்க்கக் கொடுத்தது யாரிடம்? என்னிடம்.

எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பத்திரத்தின் தலையில், பொன்நிறத்தில், அந்த விண்மீனின் ஒன்பது புள்ளிகள். மூன்று நாள் ஏற்றம். நான்காம் நாள் இறக்கம். ஐந்தாம் நாள் மறுபடி ஏற்றம். அதன்பின் படிப்படியாய்த் தணிவு. என் கை தானாக நோட்டுக்குப் போனது. விழாவுக்கென்று மகளும் ஊருக்கு வந்திருந்தாள்.

"ஏண்டி, இங்க வா. இது உங்கப்பா ஜுரம்டி!"

"என்னம்மா உளர்ற?"

"நாலாம் நாள் எறங்கிச்சேன்னு கஞ்சி குடுத்தேன். அஞ்சாம் நாள் தூக்கி அடிச்சுது. நான் மறப்பேனா? இந்தா, ஒன்பது சாயங்காலமும் அளந்த ஜுரம் என் கையெழுத்துல இருக்கு."

அவள் நோட்டைப் பார்த்தாள். பத்திரத்தைப் பார்த்தாள். மடிக்கணினியைத் திறந்து பழைய கோப்புகளைத் தோண்டினாள். ஆயிரக்கணக்கில் நட்டவளுக்கு எது எங்கே என்று நினைவிருக்குமா? கோப்புகளைப் புதிய முறைக்கு மாற்றியபோது, அந்த ஒன்றின் குறிப்பு மட்டும் விழுந்துபோய், அது பிடுங்கப்படாமல் தங்கிவிட்டிருக்கிறது. மாற்றியது யார்? அவளேதான். மறைக்க மாட்டேன், தவறு என் மகளுடையது.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "என் ஜுரம் வானத்துக்கா போயிடுச்சு? அதான் இங்க கொறைஞ்சுது" என்றார்.

அவள் உடனே துறைத்தலைவரை அழைத்தாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. "பதறாதம்மா. பட்டியலோட அடுத்த பதிப்புல சத்தமில்லாம எடுத்துடலாம். உன் வேலை நீட்டிப்பு இந்த மாசம்தான் முடிவாகுது, ஞாபகம் இருக்கட்டும். உங்க வீட்ல மூணு பேரத் தவிர இது யாருக்குத் தெரியும்?"

மூன்று பேரா? ஐயா, நான் காலையும் மாலையும் கைகூப்புகிறேனே, அவரை எண்ணாமல் விட்டுவிட்டீர்களே! அவர் வானத்தில் அவர் வைக்காத விண்மீனை நாம் வைத்துவிட்டு, அவரிடமே மறைப்பதா?

அன்று மாலையே என் மகள் கடிதம் அனுப்பினாள். உலகத்தில் அந்தப் பட்டியலை வாங்கிய அத்தனை ஆய்வாளருக்கும். "அப்படி ஒரு விண்மீன் இல்லை. அதை நட்டது நான். குறிப்பைத் தவறவிட்டதும் நான்." மூன்றே வாக்கியம்!

அதன்பின் நம் தெருவில் கேட்ட பேச்சென்ன? "பொண்ணு புளுகிடுச்சாமே!" புளுகியவள் கடிதம் எழுதுவாளா? பொய் சொன்னவள் பொய்யென்று தானே சொல்வாளா? சங்கம் என்ன செய்தது? தாள் ஒட்டியது! விண்மீன் இருந்தபோது பாராட்டத் தெரிந்த நமக்கு, இல்லை என்று சொன்ன நாளில் பாராட்டத் தெரியவில்லையே! இல்லாததை இருக்கிறது என்று சொல்லிப் பேர் வாங்க எவராலும் முடியும். கைக்கு வந்த பேரை, கையில் இருக்கும் வேலையை, கடிதம் ஒன்றில் வைத்துத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? வேலை போனால் போகட்டும்! அவள் தலை குனிய வேண்டியதில்லை! நானும் குனிய மாட்டேன்!

கைதட்டல் இருக்கட்டும், அண்ணன் விரலை மடக்கிவிட்டார். முடித்துவிடுகிறேன்.

மேசைக்கு அடியில், பெட்டிக்குள் ஒளித்த அந்தப் பத்திரம் இதோ என் கையில். என் நோட்டில் தவறு வந்தால் நான் அழிப்பதில்லை, தாள் ஒட்டுவதில்லை. தவறு தெரியும்படி ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதுவேன். "புதிய விண்மீன் கண்டமைக்காக" என்று இருக்கிறது. இதோ, கோடு. இதோ, எழுதுகிறேன்: "அப்படி ஒரு விண்மீன் இல்லை என்று சொன்னமைக்காக."

அண்ணா, உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனா தேட வேண்டாம், இந்தாருங்கள்... போட்டுவிட்டார்! தலைவர் அவர்களே, இந்தச் சங்கத்தின் நன்றிகளிலேயே பெரிய நன்றி உங்களுக்கு. பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும் தாய்மார்களுக்கும், உண்மையை உரக்கச் சொல்லத் துணிவு தந்த ஆண்டவனுக்கும் நன்றி.

மகளே, தூணை விட்டு வெளியே வா. மேடைக்கு வா. வரும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அவருடைய ஜுரம்தானே, அவருக்கும் இதில் பங்குண்டு.

வாழிய நீங்கள் எல்லோரும். வணக்கம்!