வைக்கோல் முறை

குற்றாலத்தில் சாரல் காலம். தலையில் எண்ணெயோடு பெண்கள் பக்கம் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற வடகரைக்காரி, பக்கத்தில் நின்ற தென்காசி அம்மாளிடம் சொன்னாள்:

"எங்க ஊர்ல எருமையெல்லாம் பள்ளிக்கூடம் போவுது, எக்கா."

"என்னட்டி சொல்லுத?"

"பயலுவ மாடு மேய்க்கப் போயிருதானுவ. பிள்ளைக வரலைன்னா பள்ளிக்கூடத்தையே மூடிருவோம்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. அதான், பின்னால தோப்புல எருமையைக் கட்டிட்டு உள்ள போய்ப் படிங்கலேன்னுட்டோம். வைக்கோலு வீட்டுக்கு வீடு முறை வச்சுப் போடுதோம்."

"பயலுவ வருதானுவளா?"

"வராம? இப்பம் ஞாயித்துக்கிழமையும் அவுத்துவிட்டா எருமை நேரா அங்கனதான் போவுது. பயலுவளும் பின்னாலயே ஓடுதானுவ. பாவம், வாத்தியாருக்குத்தான் லீவே இல்லாமப் போச்சு."